பி.டி. டீச்சருக்குத் தெரியாத தசை

உடம்பில் எந்தத் தசை எங்கே இருக்கிறது என்று பி.டி. டீச்சரிடம் கேட்டால் போதும், நின்ற இடத்திலேயே காலைத் தூக்கிக் காட்டி விளக்க ஆரம்பித்துவிடுவார். பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக விசில் ஊதுகிறவர். அப்படிப்பட்டவர் நாற்பத்தாறு வயதில், கயிறு தாண்டிக் காட்டுவதைச் சத்தமில்லாமல் நிறுத்திக்கொண்டார். குதித்தால் சிறுநீர் கசிந்தது. தும்மினாலும் அதே கதைதான். கறுப்பு பேன்ட்டாகப் பார்த்துப் போட்டார், மதியம் வரை தண்ணீரைத் தொடுவதில்லை. வீட்டில் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

குட்டு உடைந்தது ஒரு மர பீரோவால். கணவரின் தங்கை, தையல்கடை வைத்திருப்பவள், அதை நகர்த்த உதவிக்கு வந்திருந்தாள். "நீ அந்தப் பக்கம் தூக்கும்மா" என்றார் டீச்சர். "நீங்க முதல்ல தூக்குங்க அண்ணி" என்றாள் அவள். இருவரும் குனிவதாக இல்லை. கடைசியில் நாத்தனார்தான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குக் கீழ ஏதோ இறங்கி வர்ற மாதிரி இருக்கு அண்ணி. சாயங்காலம் ஆனா உருண்டையா தட்டுப்படுது. என்ன வியாதியோன்னு பயந்துக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல."

டீச்சரும் தன் கதையைச் சொன்னார். பீரோ இன்னும் இரண்டு வாரம் கதவை மறித்துக்கொண்டு அங்கேயே நின்றது.

பக்கத்துத் தெரு டாக்டர் டீச்சரின் சிறுநீரைச் சோதித்து, கிருமி இல்லை என்றார். ரெண்டு பிரசவம் ஆன உடம்பு, வயதானால் இப்படித்தான் என்றும் சொன்னார். டீச்சர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"இதை மட்டும் பாக்கற டாக்டர் யாராவது இருப்பாங்கல்ல?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு சீட்டில் பெரிய ஆஸ்பத்திரியின் தனிப்பிரிவு ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

அங்கிருந்த பெண் டாக்டர் டீச்சர், நாத்தனார் இருவரையும் பரிசோதித்துவிட்டு, இடுப்பெலும்பின் பிளாஸ்டிக் மாதிரியை மேசையில் வைத்தார். அடியில் தொட்டில்துணி போலத் தொங்கிய தசையைத் தொட்டுக் காட்டினார். "மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் கீழயிருந்து தாங்கறது இதுதான். உங்களுக்குக் கசியுது, இவங்களுக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கு. ரெண்டுமே இந்த இடத்தோட பலவீனம்தான்."

டீச்சருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பயிற்சிக் கல்லூரியில் கெண்டைக்கால் தசைக்கு நான்கு பக்கம் படித்தவர். இதற்கு ஒரு வரிகூட இருந்ததாக நினைவில்லை.

மூன்று நாள் தண்ணீர் குடிப்பதையும் சிறுநீர் கழிப்பதையும் அளந்து எழுதச் சொன்னார்கள். டீச்சர் கோடு போட்ட நோட்டில் மணிவாரியாக எழுதினார். அதைப் பார்த்த டாக்டர், தண்ணீரைக் குறைத்தால் மூத்திரப்பைக்கு எரிச்சல்தான் கூடும், ஒழுங்காகக் குடியுங்கள் என்றார்.

பிறகு பிசியோதெரபிஸ்ட். இணையத்தைப் பார்த்து அந்தத் தசைக்கு இரண்டு வாரமாகத் தானே பயிற்சி செய்வதாக டீச்சர் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். செய்யச் சொல்லிப் பரிசோதித்த அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "டீச்சர், தொடை வேலை செய்யுது, பின்பக்கம் வேலை செய்யுது, மூச்சையும் பிடிச்சிருக்கீங்க. வேலை செய்ய வேண்டியது மட்டும் சும்மா இருக்கு."

அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துத் திரையைத் திருப்பினாள். வாயு பிரியாமல் அடக்குவது போல அந்தத் தசையை மெல்ல உள்ளிழுக்கச் சொன்னாள். மூன்றாம் முயற்சியில், சாம்பல் நிறக் கோடு ஒன்று நூலளவு மேலே ஏறி இறங்கியது.

"இதுவா?" என்றார் டீச்சர். இன்னும் நான்கு தடவை செய்து பார்த்தார்.

நான்கு மாதத்தில் கசிவு பெரும்பாலும் நின்றது. பலமாகத் தும்மினால் ஒரு சொட்டு, அவ்வளவுதான். நாத்தனாருக்கு அறுவைசிகிச்சை, கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே பொருத்தும் சிலிக்கோன் வளையம் என இரண்டையும் விளக்கினார்கள். அவள் வளையத்தைத் தேர்ந்தெடுத்தாள். முதல் அளவு இரண்டே நாளில் நழுவி விழுந்தது, அடுத்தது அம்சமாக உட்கார்ந்துகொண்டது.

மறுபரிசோதனைக்குப் போன அன்று டீச்சர் ஒரு கேள்வியோடு போனார். இருமல் வருவதற்கு முன்பே அந்தத் தசை தானாக இறுகுகிறதே, இருமல் வரப்போவது அதற்கு எப்படித் தெரியும்? டாக்டர் மூடிய ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, காகிதத்தில் மூளையையும் நரம்பையும் வரையத் தொடங்கினார். டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே காத்திருந்த நாத்தனார் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்து உள்ளே போகக் காத்திருந்த பெண்ணிடம் சொன்னாள்: "எங்க அண்ணி இப்போதைக்கு வர மாட்டாங்க. நீங்க வேணா டீ குடிச்சிட்டு வாங்க."