கத்பர்ட்டின் டார்லிங்

என் புருஷன் கத்பர்ட் பிழைப்புக்காக ஒரு குரங்கு வைத்திருக்கிறான். பெண் குரங்கு. பெயர் டார்லிங். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னை ஒரு நாள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

கரும்பு இருந்தவரை அவன் வெட்டுக்காரன். எங்கள் தீவின் தலைநகர் பாஸ்டெரில் இருந்த சர்க்கரை ஆலையை அரசாங்கம் மூடியதும், வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கரும்புக்காடெல்லாம் புதராகி, மலைக் குரங்குகள் எங்கள் மாமரம்வரை இறங்கி வந்தன. அதில் ஒரு குட்டியைப் பிடித்தான். கறிக்குத்தான் என்று நம்பி நான் மிளகாய்கூட அரைத்துவிட்டேன். வெளியே வந்து பார்த்தால் பால் புகட்டிக்கொண்டிருக்கிறான்.

இப்போது ஊருக்கு அறுவடை என்றால் சுற்றுலாக் கப்பல்தான். கப்பல் வரும் நாளில் கத்பர்ட் சவரம் செய்து, செண்ட் போட்டு, டார்லிங்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு துறைக்குக் கிளம்பிவிடுவான். வெள்ளைக்காரிகள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்து டாலர் கொடுப்பார்கள். அதில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. நான் வாயைத் திறக்க முடியுமா? டார்லிங்கின் கவுனைத் தைப்பதும் நான்தான். வயிறு எரிய எரியத் தைக்கிறேன்.

அன்று காலை பக்கத்து வீட்டு லூரா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். "வெர்னிஸ், உன் சக்களத்தி இன்னைக்கு என்ன கலரு?"

"மஞ்ச. அடுத்தது உனக்குத்தான், அளவு சொல்லு" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அதற்கு மேல் பொறுக்கவில்லை. நானும் அவனும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. இன்று ஒன்று எடுக்காமல் விடுவதில்லை என்று, சர்ச்சுக்குப் போடும் தொப்பியை மாட்டிக்கொண்டு துறைக்குப் போய் வெள்ளைக்காரிகளின் வரிசையில் நின்றேன்.

என் முறை வந்ததும் கத்பர்ட் குரலைத் தாழ்த்தினான். "நீ எதுக்குடி இங்க வந்தே?"

"போட்டோவுக்கு. எவ்வளவு?"

"கப்பல் கிளம்பப் போகுது. யாவாரத்தைக் கெடுக்காத."

"அவளுங்க கட்டிப்பிடிச்சா யாவாரம். நான் பக்கத்துல நின்னா கெட்டுப்போயிடுமோ?"

கத்பர்ட் டார்லிங்கைத் தோளிலிருந்து இறக்கி, கயிற்றைக் கம்பியில் கட்டிவிட்டு, என் தோளில் கை போட்டான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு போட்ட கை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் நின்ற வெள்ளைக்காரியிடம் என் போனைக் கொடுத்தேன்.

அதற்குள் டார்லிங் பல்லைக் காட்டிக் கத்தி, கவுனைப் பிய்த்துப் போட ஆரம்பித்துவிட்டாள்.

"ஐயோ பாவம், பொறாமைப்படுது" என்றான் கத்பர்ட்.

அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது. அவன் கை என் தோள்மேல் இருக்கிறது. கண் அவள்மேல் இருக்கிறது.

அடுத்த கப்பலுக்குள் புதுக் கவுன் வேண்டும் என்றான். தைத்துக் கொடுத்தேன். இடுப்பை மட்டும் ஒரு விரற்கடை இறுக்கித் தைத்தேன்.