துங்கலையன் வம்சம்

எங்கள் பெயர் துங்கலையன். எனக்கு மட்டும் வைத்த பெயர் அல்ல. அப்பாவின் பெயருக்கு முன்னால் அதுதான், சித்தப்பாவின் பெயருக்கு முன்னால் அதுதான், எனக்கும் அதுதான். வன்னியில் யாரும் இப்படிச் செய்வதில்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போடுவார்கள், அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். எங்கள் வீட்டில் மாறாது. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வரும் ஒவ்வோர் ஆசிரியரும் "இது அப்பாவின்ர பேரோ?" என்று கேட்பார். இல்லை என்று விளக்க வேண்டும். எனக்கு அது அலுப்பு. அப்பாவுக்கு அது பெருமை.

அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த எங்கள் ஆட்களைக் கலவரத்தில் அடித்துத் துரத்தியபோது அப்பா சின்னப் பிள்ளை. தாத்தா அவரைத் தோளில் வைத்துக்கொண்டு நெடுங்கேணிக்கு வந்து, காட்டோரம் ஒரு கொட்டில் போட்டார். உயிர் தப்பி வந்தவர்களுக்கு இங்கே கிடைத்த வரவேற்பு ஒரு சொல். தோட்டக்காட்டான். வகுப்பில் அதைச் சொல்லித்தான் அப்பாவைக் கூப்பிட்டார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள். இப்போது கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்பா அதற்குப் பதிலாகப் பெயரைப் பிடித்துக்கொண்டார். துங்கம் என்றால் உயர்வு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அது போதுமாக இருந்தது. துங்கலையன் என்பவன் இந்தியாவில் ஒரு படைத்தலைவனாம், அரசனோடு முரண்பட்டுக் கப்பல் ஏறினானாம். முதலில் அவனிடம் ஒரு குதிரை இருந்தது. நான் நாலாம் வகுப்புக்கு வந்தபோது ஒரு லாயமே இருந்தது. சித்தப்பா மட்டும், "இவ்வளவு குதிரை வைச்சிருந்தவர் ஏன் கொழுந்து பறிக்க வந்தவர்?" என்று கேட்பார். 

இந்தப் பெயர் வேறு யாருக்கும் இல்லை என்பது அப்பாவின் அடுத்த பெருமை. அவர் பத்திரிகை வாங்கினால் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் முதலில் விரிப்பார். பரீட்சை முடிவுகள், கோயில் திருவிழா உபயகாரர் பெயர்கள், எதைக் கண்டாலும் விரலை வைத்துத் தேடுவார். சண்டை முடிந்து நாங்கள் முகாமில் இருந்தபோது ஒலிபெருக்கியில் பெயர்கள் வாசிப்பார்கள். மற்றவர்கள் காணாமற்போன பிள்ளையின் பெயர் வராதா என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்பாவும் நிற்பார். "நாடு முழுக்கச் சனம் இருக்கு, ஒருத்தனுக்கும் எங்கட பேர் இல்லை" என்று வந்து சொல்வார். அந்த இடத்தில் அதைச் சந்தோசமாகச் சொல்ல அவரால்தான் முடியும்.

முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய பிறகு சித்தப்பா உழவு இயந்திரத்தில் தண்ணீர்த் தாங்கி பூட்டி ஓட்டினார். ஊரில் அதைப் பவுசர் என்பார்கள். காட்டுப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் ஆட்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவார். அதில் பாதிப் பேர் பெண்கள். விடுமுறை நாட்களில் நானும் மட்கார்டில் ஏறிக்கொள்வேன். சிவப்புத் தடி நட்ட இடத்துக்கு இப்பால்தான் நிற்கலாம். தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு அவர்கள் வரும்போது முகமெல்லாம் நனைந்திருக்கும்.

அதில் ஓர் அக்கா கிளிநொச்சிப் பக்கத்தைச் சேர்ந்தவர். வாய் சும்மா இராது.

"பவுசர்காரர், தண்ணி கொண்டு வாறீங்களோ, குளம் வெட்டிப்போட்டு வாறீங்களோ?"

சித்தப்பாவும் விடமாட்டார். அந்த அக்காவின் சட்டையில் பெயருக்கு முன்னால் 'தொ.' என்று எழுதியிருந்தது. "தொ. எண்டா என்ன, தொம்மைப்பிள்ளையோ?" என்று கேட்டார்.

"தொல்லை எண்டு வையுங்கோவன்."

அன்றிலிருந்து சித்தப்பா அவரைத் தொல்லை என்றுதான் கூப்பிட்டார். அந்த எழுத்தின் பின்னால் என்ன இருக்கிறது என்று பிறகு கேட்கவில்லை. அக்காவுக்கும் அவர் பவுசர்காரர்தான். வன்னியில் யார் கேட்பார்கள்? தகப்பனின் பெயர் என்று நினைத்துக்கொள்வோம். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். ஆட்கள் இல்லாத நேரத்தில், சித்தப்பா சொல்லித்தந்தபடி, சித்தி என்று கூப்பிட்டேன். அவர் அதட்டுவார். பிறகு கிட்டவந்து, "இன்னொருக்காச் சொல்லு" என்பார்.

ஒரு நாள் சித்தப்பா அம்மாவிடம் விசயத்தைச் சொன்னார். அம்மா அப்பாவிடம் சொன்னார். பெண் உழைக்கிறாள், ஆட்களும் எங்களைப் போல மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் என்று கேள்வி. அப்பா தடை சொல்லவில்லை. நல்ல நாள் பார்த்து நாங்கள் நாலு பேரும் புளியங்குளம் போய், அங்கே பஸ் மாறி, கிளிநொச்சிக்குப் போனோம். சித்தப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். விலைச்சீட்டைக் கழற்ற மறந்துவிட்டார். வழி முழுக்க நான் அதை வைத்துச் சிரித்தேன்.

பூச்சுப் பூசாத வீட்டுத்திட்ட வீடு. அக்காவின் அம்மா எங்களைக் கதிரையில் இருத்தினார். அவருடைய கணவர் கடைசிச் சண்டையில் எறிகணை விழுந்து இறந்தவர். தேத்தண்ணி வந்தது, பயற்றம் பணியாரம் வந்தது. அக்கா சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றபோது எனக்கு ஆளையே அடையாளம் தெரியவில்லை. அப்பா வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"உங்கட ஆக்களுக்கு என்ன பேர் சொல்லுறது?"

"நான் இங்கத்தையாள். என்ர மனிசன்ர ஆக்கள்தான் தோட்டத்தில இருந்து வந்தவை. தொங்கலையன் எண்டு சொல்லுவினம்."

அப்பா கோப்பையை வைத்தார். "திருப்பிச் சொல்லுங்கோ."

"தொங்கலையன்."

"து எண்டு வரோணும், அம்மா. துங்கலையன். ஆரோ எழுத்துத் தெரியாதவன் பிழையா எழுதிப்போட்டான்."

"இருக்கும். அவர் எப்பவும் சொல்லுவார், இந்தப் பேர் வேற ஒருத்தருக்கும் இல்லை எண்டு."

அப்பா எழுந்துவிட்டார். அவர் அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை. தாத்தா இறந்தபோதுகூட அழாதவர். "நாப்பது வயசாகப் போகுது, ஒரு சொந்தம் இல்லாத நாய் மாதிரித் திரிஞ்சனான்" என்றார். நேரே போய் அக்காவின் தலையில் கையை வைத்தார். "நீ என்ர தங்கச்சி. நாங்கள் ஒரே ரத்தம். பங்காளிகள்."

நான் கைதட்டினேன். உண்மையாகவே தட்டினேன். உலகத்தில் இல்லாத பெயர் இன்னொரு வீட்டில் கிடைத்துவிட்டது. அக்காவின் அம்மாவும் அழுதார், அவருக்கும் கணவரின் பக்கத்தில் ஆள் கிடைத்துவிட்டது. என் அம்மாதான் என் தொடையைக் கிள்ளினார். அம்மா சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்களிடம் பங்காளி வீட்டில் பெண் எடுப்பதில்லை. ஒரு தகப்பன் வழியில் வந்தவர்கள் எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் அண்ணன் தங்கை முறை. அதனால் அங்கே யாரும் கலியாணத்தை மறுக்கவில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. பேச்சே நின்றுவிட்டது. பெண் பார்க்க வந்த நாங்கள் சொந்தம் கொண்டாடிவிட்டுச் சாப்பிட்டுப் போனோம். சித்தப்பா சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். அக்கா குசினிக்குள் போனவர் நாங்கள் புறப்படும்வரை வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஒருதரம் கேட்டார். "பேர் ஒண்டா இருந்தா ஆக்களும் ஒண்டே?"

"இந்தப் பேர் வேற எங்க கிடக்கு? சொல்லு பாப்பம்" என்றார் அப்பா.

 ஊரில் பத்து வீட்டுக்கு இருக்கும் பெயராக இருந்திருந்தால் யாரும் இதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். ஒருவருக்கும் இல்லாத பெயர் என்பதால்தான் தப்ப வழி இல்லாமல் போனது.

எனக்குப் பொறுக்காதது அதுவல்ல. தடுத்தார்கள் என்றால் அவர்கள் இரண்டு பேரும் ஓடியிருக்கலாம். வன்னியில் ஓடாத ஆட்களா? ஆனால் அவர்களும் அதை நம்பினார்கள். அண்ணனும் தங்கையும் இப்படிப் பழகிவிட்டோமே என்று கூசிப்போனார்கள். சித்தப்பா தண்ணீர் கொண்டுபோகும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு மண் ஏற்றப் போனார். அக்கா வேறு அணிக்கு மாறி ஆனையிறவுப் பக்கம் போய்விட்டார். ஒரு பாவமும் செய்யாத இரண்டு பேர் பாவம் செய்தவர்களைப் போல ஒளிந்து திரிந்தார்கள்.

அக்காவுக்குக் கலியாணம் செய்துவைத்தது அப்பாதான். தமையன் முறையில் முன்னுக்கு நின்று, மாப்பிள்ளை தேடி, சபையில் எழுந்து பேசி எல்லாம் செய்தார். சித்தப்பா இன்றுவரை கலியாணம் செய்யவில்லை.

போன வருடம் ஒரு தோழியின் கலியாணத்துக்கு மலைநாட்டுக்குப் போனேன். தாத்தா இருந்த தோட்டம் பக்கத்தில்தான் என்றார்கள். ஓர் ஆட்டோ பிடித்துப் போனேன். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், துங்கலையன் வம்சத்து ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"துங்கலையனா? அப்பிடி யாரும் இல்லியே. தொங்க லயத்த கேக்குறீங்களா?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். தேயிலை முடியும் இடத்தில், சரிவுக்கு மேலே, எல்லாவற்றுக்கும் கடைசியாக, தொழிலாளர் அறைகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு தகரக்கூரை லயம். தொங்கலில், அதாவது கடைசி முனையில் இருக்கிற லயம், தொங்க லயம். அவ்வளவுதான்.

"அங்க இருந்தவங்கள எப்பிடிக் கூப்பிடுவாங்க?"

"தொங்க லயத்தான்னுதான். பின்ன என்ன, தொரைன்னா கூப்பிடுவாங்க?"

"எல்லாரும் ஒரே சொந்தமா?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாக் கேட்டீங்க போங்க! ஒரு காம்பராவுல போடுற சண்ட அடுத்த காம்பராவுக்குக் கேக்கும். அதுதான் அங்க சொந்தம். ஆளுக்கு ஒரு ஊருலேருந்து வந்து சேந்ததுங்க."

குதிரை இல்லை, படைத்தலைவன் இல்லை. அடித்துத் துரத்தியபோது அந்த லயத்திலிருந்து ஓடிவந்தவர்களை எங்கிருந்து வந்தாய் என்று கேட்டிருப்பார்கள். தொங்க லயம் என்று சொல்லியிருப்பார்கள். அதைப் பெயராக்கிவிட்டார்கள். ஒரு குடும்பம் நெடுங்கேணிக்கு வந்தது, இன்னொன்று கிளிநொச்சிக்குப் போனது. பிழையாக எழுதினார்கள் என்று அப்பா சொன்ன அந்த எழுத்துத்தான் சரியான எழுத்து.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். மரியாதையாகச் சொல்லவில்லை, கத்தினேன்.  அவர் பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு வீட்டு வளவுக்குள் போய் நின்றார். அதற்குப் பிறகு அவரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. தோட்டக்காட்டான் என்று ஒருவரும் சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு வம்சம் எதற்கு?

சித்தப்பாவிடமும் சொன்னேன். அவர் உழவு இயந்திரத்துக்கு ஒயில் மாற்றிக்கொண்டிருந்தார். கையைத் துடைக்காமலே கேட்டார்.

"அவாவுக்குச் சொல்லிப்போட்டியோ?"

"இல்லை."

"சொல்லாதை, பிள்ளை. ரெண்டு பிள்ளையள் இருக்கு."

பிறகு குனிந்து வேலையைப் பார்த்தார்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, நான் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்கு வேறு மாதிரி நினைவுக்கு வருகிறது. பெண் பார்க்கப் போய் இரண்டு வருடம் இருக்கும். அக்காவுக்கு அப்போது கலியாணம் பேசி முடிந்திருந்தது. தண்ணீர் வார்க்கத் தகப்பனின் தங்கை வேண்டும் என்று அப்பா அவரை அழைத்து வந்தார். "இனி அத்தை எண்டு கூப்பிடு" என்றார். நான் கூப்பிட்டேன். அக்கா, சித்தி, அத்தை, எல்லாம் ஓராள்தானே என்று நினைத்தேன். அவர் வாய் திறக்காமல் தண்ணீர் வார்த்தார், தலை துவட்டினார், சேலை கட்டிவிட்டார்.

படம் எடுக்கும் பையன் சொந்தங்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டான். சித்தப்பாவை எங்கேயோ தேடிப்பிடித்து, கதிரையில் இருந்த என் வலப்பக்கம் நிறுத்தினார்கள். அத்தை இடப்பக்கம். இரண்டு பேரும் மேடையின் இரண்டு விளிம்பிலும் நின்றார்கள்.

"அண்ணனும் தங்கச்சியும் கொஞ்சம் கிட்ட வாங்கோ" என்றான் அவன். "என்ன, காணிச் சண்டையோ?"

சனம் சிரித்தது. அவர்கள் அசையவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் சடங்கில் வந்து இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்களே என்று கோபமும் வந்தது. நானே எட்டி இரண்டு பேரின் கையையும் பிடித்து என் பக்கம் இழுத்தேன். இரண்டையும் என் மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, விடாமல் அழுத்திக்கொண்டேன்.

படம் நன்றாக வந்திருக்கிறது. நான் பல் தெரியச் சிரிக்கிறேன். கோபமாக இருந்த இரண்டு பேரைச் சேர்த்துவைத்துவிட்டேன் என்று அன்று முழுக்க வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.