பதின்மூன்றாம் ஆளின் மட்டை

லெட்சுமணன் அங்கிளுக்கு அரசாங்க மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. எங்கள் ஊரில் கை ஒடிந்தவர், சளி முற்றியவர், வேலைக்குச் சேர மருத்துவச் சான்று தேவைப்பட்டவர் எல்லோரும் ஒரு தடவையாவது அவர் சொல்கேட்டு நின்றிருக்கிறோம். "அசையாதீங்க. மூச்ச இழுத்துப் புடிங்க." இரண்டே வாக்கியம்தான். குழந்தைகள்கூட அழுகையை நிறுத்திவிடும். இதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை கோல்ப் கிளப்பில் ஒரு வெள்ளைப் பந்தின் முன்னால் நின்றால் இடுப்பு ஒரு பக்கம் போகும், முழங்கால் ஒரு பக்கம் போகும், தொப்பியை இரண்டு முறை சரிசெய்வார். கடைசியில் அடிக்கும்போது மூச்சு எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியாது. பந்து வலப்பக்கமாக வளைந்து பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குள் போய் விழும்.

நான் அந்தக் கிளப்பின் அலுவலகத்தில் இருக்கிறேன். இயந்திரப் பொறியியல் முடித்து, படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும்வரை என்று சேர்ந்தேன். இரண்டு வருடமாயிற்று. அப்பா அங்கேயே புல் வெட்டும் வண்டி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். அப்பா புல்லை வெட்டுகிறாரோ இல்லையோ, அதைச் சொல்லாமல் யாரையும் கடந்து போவதில்லை.

வருடத்துக்கு ஒரு முறை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கிளப்போடு எங்களுக்குப் போட்டி நடக்கும். அணிக்குப் பன்னிரண்டு பேர். ஒன்பது வருடமாக லெட்சுமணன் அங்கிள் பதின்மூன்றாவது ஆள். யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் அவருக்கு இடம். இந்த ஒன்பது வருடத்தில் போட்டி நாளில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. அவர் தண்ணீர்ப் போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போவார், கைதட்டுவார், வருவார். பன்னிரண்டாவது இடத்தில் உட்கார்ந்திருந்தவர் பல் டாக்டர் ஓங். இருவரும் நல்ல நண்பர்கள். ஓங் டாக்டருக்கு எப்போதாவது காய்ச்சல் வந்தால் முதலில் விசாரிக்கப் போவது லெட்சுமணன் அங்கிள்தான். ஏன் என்று இருவருக்கும் தெரியும்.

போன வருடம் அங்கிள் புது டிரைவர் வாங்கினார். முதல் அடிக்கு எடுக்கும் பெரிய தலை மட்டைக்கு அந்தப் பெயர். அதன் தலையைக் கழற்றித் திருப்பி மாட்டலாம். கூடவே ஒரு முறுக்குச் சாவி. திருகாணி போதுமான அளவு இறுகியதும் சாவி 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம்தான் மனிதரைக் கெடுத்தது. சாப்பிட மீ கோரெங் நூடுல்ஸ் வரும்வரை ஒரு 'டக்'. பேச்சு சுவாரசியமில்லை என்றால் ஒரு 'டக்'. அவர் மனைவி புஷ்பவதி அக்கா ஒருநாள் அலுவலகத்துக்கே வந்து என்னிடம் முறையிட்டார்.

"பிரசங்கம் கேக்குற எடத்துல சாவியப் பாக்கெட்டுலேர்ந்து எடுக்குறாரும்மா. மட்டை வீட்ல இருக்கு. சாவி மட்டும் கையில!"

அந்த மட்டையின் தந்திரத்தை அங்கிளுக்கு விளக்கிச் சொன்னதே நான்தான். அதனால் பாதிப் பழி எனக்கும் உண்டு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு மத்தியானம் பெட்டியோடு வந்த தாளைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார்.

"மேகலா, ப்ளஸ்ல வெச்சா பந்து ஒசரப் போவும்னு போட்டிருக்கான். எடது பக்கமும் போவும்னு போட்டிருக்கான். எனக்கு ரெண்டும் வேணும். வெச்சேன். ஒண்ணும் நடக்கல."

நான் பென்சில் எடுத்துப் படம் போட்டேன். தண்டின் நுனியில் ஒரு சின்னக் குழல் இருக்கிறது. அதன் துளை நேராக இல்லை, மயிரிழை சாய்ந்திருக்கிறது. குழலை ஒரு பல் திருப்பித் தலைக்குள் செருகினால் தண்டு வேறு பக்கம் சாயும். அவ்வளவுதான் விஷயம். தலை அதே தலைதான், உலோகம் எதுவும் வளைவதில்லை.

"ப்ளஸ்ல வெச்சு, மட்டைய அதும்போக்குல தரையில வெச்சீங்கன்னா பந்த அடிக்கிற முகம் எடது பக்கம் பாக்கும் அங்கிள். நீங்க அதப் பாத்துட்டு, கோணலா இருக்கேன்னு கையால நேராக்குறீங்க. நேராக்குன ஒடனே முகம் வானத்தப் பாக்க ஆரம்பிச்சிடும். பந்து ஒசரப் போவும், எடது பக்கம் திரும்பாது. மைனஸ்ல வெச்சா எல்லாம் தலைகீழ். ரெண்டையும் முழுசா ஒரே அடியில வாங்க முடியாது."

அங்கிள் படத்தை நீண்ட நேரம் பார்த்தார், நெஞ்சுக்கூட்டுப் படத்தைப் பார்ப்பதுபோல.

"அப்ப சாவி ஒரு வேல செய்யுது, என் கை அதுக்கு மேல இன்னொரு வேல செய்யுது."

"ஆமா அங்கிள்."

"அப்ப கையத் திருத்தணும்."

"ஆமா அங்கிள்."

"கைக்குச் சாவி இல்லியேம்மா," என்று சொல்லிவிட்டுப் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு முன்பைவிட அதிகமாகத் திருகினார். முன்பு நம்பிக்கையில் திருகியவர் இப்போது அறிவோடு திருகினார். படித்ததைச் சொல்லிக் கொடுத்தால் மனிதருக்கு உபயோகமாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அன்றிலிருந்து அந்த நினைப்பைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்கிறேன்.

இந்த வருடம் அணித்தலைவர் ருஸ்லான் ஒரு முடிவுக்கு வந்தார். ஓங் டாக்டரும் லெட்சுமணன் அங்கிளும் நேருக்கு நேர் பதினெட்டுக் குழி ஆட வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவர் பன்னிரண்டாவது ஆள். சமமாக வந்தால் பழைய ஆளே இருப்பார். எண்ணிக்கை எழுத அலுவலகத்திலிருந்து நான் கூடப் போக வேண்டும்.

அன்று காலை வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு 'டக்', பயிற்சித் திடலில் இரண்டு 'டக்', நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் ஒரு 'டக்' கேட்டேன். பிறகு இருவரும் ஆட ஆரம்பித்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால் அங்கிள் நன்றாக ஆடினார். பந்து இரண்டு முறைதான் செம்பனைக்குள் போனது. பன்னிரண்டு குழி முடிந்தபோது ஓர் அடி முன்னால் இருந்தார். ஓங் டாக்டர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பல் டாக்டர் பேசாமல் இருந்தால் எனக்கு எப்போதும் பயம்.

பதின்மூன்றாவது குழிக்குப் போகும் வழியில் இடி எச்சரிக்கைச் சங்கு ஊதியது. மூவரும் ஓடிப்போய்த் தகரக் குடிலுக்குள் உட்கார்ந்தோம். மழை கொட்டியது. அங்கிள் மருத்துவமனையில் நடந்த ஒரு கதையை ஆரம்பித்தார். ஐம்பது காசை விழுங்கிய பையனின் கதை. எல்லோரும் பத்து முறை கேட்டதுதான், ஆனாலும் நன்றாகச் சொல்வார். காசு படத்தில் தெரிகிற இடம் வந்தபோது நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

டக்.

ஓங் டாக்டரும் கேட்டார். அங்கிளின் ஒரு கையில் சாவி. மடியில் டிரைவர்.

"லெட்சு," என்றார் டாக்டர் மெதுவாக, "என்னா பண்ற?"

அங்கிள் தன் கையைப் பார்த்தார். வேறு யாருடைய கையோ தன் மடியில் கிடப்பதுபோல் பார்த்தார். "ஐயோ, நான் பண்ணல. கை பண்ணிடுச்சு."

ஆட்டம் தொடங்கிய பிறகு மட்டையின் குணத்தை மாற்றக் கூடாது. மாற்றிய மட்டையால் ஓர் அடி அடித்தாலும் ஆள் வெளியே. மழைக்கு ஒதுங்கி நின்றாலும் ஆட்டம் ஆட்டம்தான். நான் ருஸ்லானுக்குப் போன் செய்து ஒலிபெருக்கியில் வைத்தேன். மழைச் சத்தத்தில் அவர் கத்தினார்.

"இன்னும் அடிக்கலியே? அப்ப குத்தமில்ல! காலையில எந்த எடத்துல இருந்துச்சோ அங்கியே திருப்பி வெச்சிடச் சொல்லு. வெச்சிட்டு ஆடலாம்!"

"கேட்டீங்களா அங்கிள்? பழைய எடத்துல வெச்சா போதுமாம்."

அங்கிள் சாவியைப் பார்த்தார், குழலைப் பார்த்தார், மழையைப் பார்த்தார்.

"பழைய எடம் எது?" என்றார்.

டாக்டர் ஓங் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வருசமா ராத்திரி பகலா திருவுற! எங்க இருந்துச்சுன்னு தெரியாதா?"

"காடி நிறுத்துற எடத்துல ப்ளஸ் ஒண்ணு. அப்பறம் பயிற்சியில மைனஸ். இல்ல, மைனஸ் மொதல்ல. அப்பறம் சாப்பிடறப்போ…" அங்கிள் கண்ணை மூடிக்கொண்டார். "மேகலா, மொத அடி அடிக்கிறப்போ நீ பக்கத்துலதான நின்ன? பாத்தியாம்மா?"

பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். ப்ளஸ் குறி ஒன்று கண்ணில் பட்ட ஞாபகம் இருந்தது. ஆனால் அது அன்று காலை பட்டதா, போன வாரம் பட்டதா? ஒன்பது வருடம் தண்ணீர்ப் பெட்டி தூக்கியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை. டாக்டர்கூட மறுத்திருக்க மாட்டார்.

"பாத்த மாதிரி இருக்கு அங்கிள். ஆனா சத்தியமா சொல்ல முடியாது."

"எங்கியாச்சும் வெய்யி லெட்சு," என்றார் டாக்டர். சிரிப்பு நின்றிருந்தது. "அதான் பழைய எடம்னு நான் ஒத்துக்கிறேன். போதுமா?"

"எனக்கே தெரியாதத நீங்க எப்படி டாக்டர் ஒத்துப்பீங்க?" அங்கிள் டிரைவருக்கு உறையை மாட்டிப் பைக்குள் அடியில் தள்ளினார். "பையில இருந்தா குத்தமில்லல்ல? கெடக்கட்டும்."

மழை விட்டது. மிச்சம் ஆறு குழிக்கு அவர் சின்னக் கட்டை மட்டையால் முதல் அடி அடித்தார். அந்த மட்டைக்கு வயது பதினைந்து. அதில் திருக எதுவும் இல்லை. பந்து தூரம் போகவில்லை, ஆனால் போன இடத்தில் இருந்தது. அதற்காக எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. பதினான்காவதில் குட்டைக்குள் ஒரு பந்தை விட்டார். கையிலிருந்த ஓர் அடியும் போய் எண்ணிக்கை சமமானது. கை சும்மா இருக்க முடியாமல் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

பதினெட்டாவது குழிக்கு வந்தபோதும் சமம்தான். சமம் என்றால் டாக்டர். அங்கிள் முதலில் அடித்தார். பந்து நடுப் புல்லில், வெட்கப்படும் தூரத்தில் போய் நின்றது.

"அவ்ளோதானா?" என்றார் டாக்டர். "எங்க பாட்டியம்மா பல்செட்ட அதவிடத் தூரம் துப்பும் லா."

பிறகு அந்தத் தூரத்தைத் தாண்டி அடிப்பது எப்படி என்று காட்ட ஆசைப்பட்டார். தோள் முழுவதையும் போட்டு அடித்தார். பந்து உயரமாக, அழகாக, வலப்பக்கமாக வளைந்து செம்பனைக்குள் போயிற்று. லெட்சுமணன் அங்கிளைத் தவிர வேறு யாரும் பந்தை அந்த இடத்துக்கு அனுப்பி நான் பார்த்ததில்லை. அங்கிள் டாக்டரோடு போய், விழுந்து கிடந்த செம்பனை ஓலையை ஒதுக்கி ஓலை ஓலையாகத் தேடி, பந்தை அவரே கண்டுபிடித்துக் கொடுத்தார். அந்தத் தோட்டத்தில் அவருக்கு வழி தெரியும்.

அந்தக் குழியில் டாக்டருக்கு ஆறு அடி. அங்கிளுக்கு ஐந்து.

அலுவலக வாசலில் ருஸ்லான் பட்டியலை ஒட்டினார். பன்னிரண்டாவது வரியில் லெட்சுமணன். அங்கிள் அதைத் தொடவில்லை, படம்கூட எடுக்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று வாசித்தார், பிறகு பக்கத்தில் வந்து வாசித்தார். பதின்மூன்றாவது வரியில் தன் பெயரைப் பார்த்த டாக்டர் ஓங், "தண்ணிப் பெட்டி எவ்ளோ கனம்டா?" என்று மட்டும் கேட்டார்.

புஷ்பவதி அக்கா காரோடு வந்து காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. "அந்தச் சனியன் பிடிச்ச மட்டைய எடுக்காமத்தான் ஜெயிச்சீங்களா? முருகா! இனிமே அத எடுக்காதீங்க. இந்தச் சின்னதே போதும்."

"போதும் புஷ்பா. இதான் என் மட்டை. சத்தியமா." அங்கிள் அந்தப் பழைய மட்டையை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். கதவைச் சாத்தினேன். கண்ணாடி இறங்கியது.

"மேகலா, ஒரு சந்தேகம். இதே சின்ன மட்டை, தலையத் திருப்புற மாதிரி வருதா?"

வருகிறது. அலுவலகத்தில் விளம்பரத் தாளே இருக்கிறது. புஷ்பவதி அக்கா ஓட்டும் பக்கத்திலிருந்து குனிந்து என்னை முறைத்தார். அரை நாளுக்குள் இரண்டாவது முறையாக ஒரே ஒரு வார்த்தை என் வாயில் நின்றது.

"வருது அங்கிள்," என்றேன்.

"ஒன்ன யாரும்மா படிக்கச் சொன்னது?" என்றார் அக்கா. கார் கிளம்பியது.