பானெட்டில் காய்ந்த வலை

அறுபதுகளின் கடைசியில் ராயபுரத்தில் குடியிருந்தோம். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த நான், ரேடியோ வைத்த பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் கார் கதவைத் திறந்து வைத்துப் பாட்டுப் போடுவேன். பக்கத்து வீட்டு மீனவர் அந்தோணி, என்ஜினை மூடும் பானெட் மேல் வலையைக் காய விரித்து, பாட்டைக் கேட்டுக்கொண்டே கிழிசலைத் தைப்பார்.

ஒரு ஞாயிறு ரேடியோ பாடவில்லை. ஃபியூஸ் போயிருந்தது. மாற்றினேன், அதுவும் போனது.

"இன்னா மாமு, ஊமையாவே கீது?" என்றார் அந்தோணி.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை ஃபியூஸில் சுற்றிச் சொருகினேன். ரேடியோ பாடியது. பெருமையாக நிமிர்வதற்குள் டாஷ்போர்டின் அடியில் புகை கிளம்பியது. ரேடியோவை அணைத்தும் நிற்கவில்லை. பிடுங்கலாமென்றால் ஃபியூஸ் தொட முடியாத சூடு. பேட்டரி ஒயரைக் கழற்ற ஓடினால், பானெட்டைத் திறக்க முடியவில்லை. வலை வைப்பரில் சிக்கிக் கிடந்தது.

அந்தோணி யோசிக்கவே இல்லை. கத்தியை எடுத்துத் தன் வலையை அறுத்தார்.

"வலைய அப்பால தச்சிக்கலாம். நீ ஒயர புடுங்கு."

பிடுங்கியதும் புகை அடங்கியது. ரேடியோ ஒயர் தோலுரிந்து காரின் தகரத்தில் உரசியதுதான் கோளாறு. அந்த வாரம் முழுக்க அவர் வலை தைக்க, நான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போதெல்லாம் ஃபியூஸ் போனால், ஏன் போனது என்று பார்க்காமல் மாற்றுவதில்லை. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுகிறேன். பானெட்டைத் திறக்குமுன், அங்கே இல்லாத வலையை ஒதுக்க என் கை தானாகப் போகிறது.