நான்காம் சரணத்தின் இரண்டாம் அடி

நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள இச்சிறு நகரில், ஞாயிறு வழிபாட்டுக்குச் செல்லும் ஒவ்வொருவர் கையிலும் வாயிலிலேயே ஒரு பாடற் புத்தகத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். சால்மெபூக் என்பது அதன் பெயர். பாட வேண்டிய பாடலின் எண், சுவரில் தொங்கும் மரப்பலகையில் இருக்கும். எவரும் எதனையும் அறிவிப்பதில்லை. ஓர்கன் ஒலிக்கத் தொடங்கியதும் எல்லாரும் தலைகுனிந்து, தத்தம் புத்தகத்தைப் பார்த்து, தமக்குத் தாமே சொல்லிக் கொள்வது போலப் பாடி முடிப்பார்கள். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் மூச்சு வாங்கும் அளவுக்கே இடம் உண்டு. பதினொரு ஆண்டுகளாக இதனைக் கண்டு வருகிறேன், இன்னமும் பழகவில்லை. என் பக்கத்தில் வழமையாக அமரும் ஓலாவ் என்னும் ஓய்வுபெற்ற படகுத் தச்சர், நான் பின்தங்குவதைக் கண்டால், தமது தடித்த சுட்டுவிரலை என் புத்தகத்தில் அப்போது பாடப்படும் அடியின்கீழ் வைப்பார். நான் ‘தாக்’ என்று நன்றி சொல்வேன். எனக்கு அவர்களுடைய எழுத்து வாசிக்க வராது என்பது அவரது முடிவு. அது உண்மையன்று. ஓர் அடி முடிந்ததும் என் வாய் தானாகவே நின்று, வேறு யாரோ அதைப் பாடி முடிப்பதற்காகக் காத்திருக்கிறது. இதனை அவருக்கு விளக்கும் அளவுக்கு என் நோர்வேஜிய மொழி வளரவில்லை.

நான் விட்டுவந்த தர்மபுரத்தில், நாங்கள் கோயில் என்றே அழைத்த தேவாலயத்தில் இருந்தது ஒரேயொரு பாட்டுப் புத்தகம். சபையாரில் ஏறக்குறையப் பாதிப்பேர் எழுத்தறியாதவர்கள். ஆகவே ஒருவர் முன்னே நின்று ஓர் அடியைத் தெளிவாகச் சொல்வார். சபை அதனை வாங்கிப் பாடும். பாடி முடிந்த பின்னரே அடுத்த அடி சொல்லப்படும். எல்லாருடைய கண்களும் சொல்பவரின் வாயின்மீதே இருக்கும். எங்களுக்கு மிக உரிமையான பாட்டோ அந்த ஒரு புத்தகத்திலும் இல்லை. மலையகத்திலிருந்து குடும்பங்களோடு வந்து, காடு வெட்டிக் குடியேறிய உபதேசியார் ஒருவர், கோயிற் கூரைக்கு முதன்முதலாகக் கிடுகு வேய்ந்த ஆண்டில் அதனை இயற்றினார். மூன்று சரணங்கள், சரணத்துக்கு இரண்டே அடிகள்.

வாய்க்கால் வழியே வாரும், வற்றாத தேவா;
வறண்ட எம் காணியைப் பாரும், வற்றாத தேவா.

இவ்வாறு தொடங்கும். எங்கள் மேட்டுக் காணிகளுக்கு இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் எந்நாளும் வந்ததில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இல்லாத வாய்க்காலின் வழியே இறைவனை அழைத்த பாட்டு அது.

குடாநாட்டிலிருந்து தமிழாசிரியனாக அங்கே அனுப்பப்பட்ட எனக்கு அப்பாட்டின்மீது தொடக்கத்தில் மதிப்பு இருக்கவில்லை. யாப்பு இடறியது. திருத்தித் தருவதாக ஒரு ஞாயிறன்று ஞானம்மாவிடம் சொன்னேன். ஞானம்மா மலையகத்திலிருந்து வந்தவர்; கச்சான் என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைத் தோட்டம் செய்தவர்; எழுத்தறியாதவர்; ஆயினும் கோயிலில் பாடப்பட்ட எல்லாமும் அவர் நெஞ்சில் இருந்தன.

“எங்க பிழை இருக்குது?” என்றார்.

“இரண்டாவது அடி நொண்டுது, ஞானம்மா.”

“நொண்டினாலும் நடக்குதுதானே வாத்தியார்? நீங்கள் போய் உங்கட பள்ளிக்கூடத்தைப் பாருங்கோ.”

உபதேசியார் காலமான பின், அடி சொல்லும் பணி என்னிடம் வந்தது. காரணம் என் பக்தியன்று. கடைசி வரிசை வாங்கில் இருப்பவருக்கும் எட்டும் வகையில் வகுப்பறை என் குரலைப் பழக்கியிருந்தது.

கடந்த இளவேனிலில், என் கழுத்திலிருந்த தைரொயிட் வீக்கம் மூச்சுக்குழாயை நெருக்கத் தொடங்கியதால், அதனை வெட்டி அகற்ற வேண்டும் என்று இங்குள்ள மருத்துவமனையில் சொன்னார்கள். அறுவை மருத்துவர் இளம்பெண். குரலுக்குரிய நரம்பு அவ்வீக்கத்தின் பின்புறமாகவே செல்கிறது என்றும், கவனமாக இருப்போம், ஆனால் உறுதி கூற இயலாது என்றும் என் மகளின் வாயிலாக அறிவித்தார். பின்பு ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு, “நீங்கள் பாடுபவரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் புன்னகையோடு ஒரு கட்டத்தில் புள்ளடி இட்டார். பாடுபவரென்றால் முன்னும் பின்னும் குரலைப் பதிவுசெய்து ஆராய்வார்களாம். எனக்கு அது தேவையில்லை என்று முடிவாயிற்று. பேருந்தில் வரும்போது மகள் கோபித்துக்கொண்டாள்.

“ஏனப்பா இல்லை எண்டு சொன்னனீங்கள்? முப்பது வருசம் கோயில்ல நிண்டு என்ன செய்தனீங்கள்?”

“பாடினது சபை, பிள்ளை. நான் சொல்லிக் குடுத்தது மட்டுந்தான்.”

“உங்களோட கதைச்சு வெல்ல ஏலாது” என்று அவள் யன்னற் பக்கம் திரும்பிவிட்டாள்.

குரல் போய்விடுமே என்ற அச்சம் என்னிடம் பெரிதாக இருக்கவில்லை. இந்நாட்டில் அதனால் ஆகும் பயன் சிறிது. என்னை வருத்தியது வேறொன்று. அப்பாட்டின் நான்காம் சரணத்தில் ஓர் அடி என்னிடம் இல்லை. குரல் உள்ளபோதே அதனைப் பெற்று, முழுப் பாட்டையும் ஒருமுறையேனும் சொல்லி முடிக்க விரும்பினேன். மூன்று சரணங்கள் என்று மேலே எழுதிவிட்டு நான்காவதைப் பற்றிப் பேசுவது ஏன் என்பதை இனிச் சொல்ல வேண்டும்.

எங்கள் சபையில் ஒருவரை அடக்கம் செய்யும்போது, குழி மூடி முடியும் வரை பாட்டு நிற்கக் கூடாது. தர்மபுரத்துச் செம்மண்ணில், நான்கு மண்வெட்டிகளோடு, உபதேசியாரின் மூன்று சரணங்களும் அதற்குப் போதுமாக இருந்தன. போரின் இறுதி மாதங்களில் ஊரை விட்டுக் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்து, கடலோர மணலில் தறப்பாளின்கீழ் இருந்த நாள்களில், என் மனைவி மலர் காயமுற்று மூன்றாம் நாள் இறந்தாள். கொட்டிலுக்குப் பின்புறமே குழி தோண்டினோம். மண்வெட்டி இல்லை; ஒரு சட்டி மூடியும் கைகளுமே இருந்தன. கடல் மணல் தோண்டத் தோண்டச் சரியும், மூடும்போதும் நிரம்பாது. பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். நான் அடி சொன்னேன். மூன்று சரணங்களும் முடிந்தன. குழி பாதியே மூடியிருந்தது. முதலடியை மீண்டும் எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. வாய் திறந்தது, ஒலி வரவில்லை. நின்றுவிட்டேன். அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஞானம்மாவின் குரல் எழுந்தது:

கடைமடை நனையும்வரை கண்ணுறங்கார்

சபை அதனை வாங்கிப் பாடிற்று. அவர் இன்னோர் அடியும் சொன்னார், அதனையும் பாடினார்கள். மண் நிரம்பும் வரை அவ்விரண்டு அடிகளையே மாறி மாறிச் சொன்னார். இரண்டாவது அடி என் காதில் விழுந்தும் மனத்தில் தங்கவில்லை.

கடைமடை என்பது வாய்க்காலின் கடைசி வயல். தண்ணீர் பார்ப்பவர் அலுத்துப்போய் மடையை அடைக்கும்போது, நனையாமல் எஞ்சுவது எப்போதும் அதுவே. அந்த வயலும் நனையும் வரை உறங்காத ஒருவர் இருக்கிறார் என்ற அந்த ஓர் அடியைப் பிடித்துக்கொண்டே நான் முகாமில் தண்ணீர் வரிசையின் இறுதியில் நின்றேன். வவுனியா மருத்துவமனை வாங்கில் மகளின் காய்ச்சல் தணியக் காத்திருந்தேன். இந்நாட்டின் முதற் பனிக்காலத்தில், மூன்று மணிக்கே இருட்டிய நாள்களில், செபிக்கச் சொற்கள் வராதபோது அதனைச் சொன்னேன். என் நம்பிக்கை பெரிதன்று. அது இந்த ஓர் அடியின் நீளமே இருந்தது. உபதேசியார், நான் அறியாமலே நான்காம் சரணமொன்றையும் இயற்றி, எங்களுக்கு நேரப்போவதை முன்கூட்டியே அறிந்தவர் போல ஞானம்மாவிடம் வைத்துச் சென்றார் என்று எண்ணி வந்தேன். ஒரு காலத்தில் அவரது யாப்பைக் குறை கூறியதற்காக வெட்கமும் கொண்டிருந்தேன்.

அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில் தர்மபுரத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நலம் விசாரித்து, மழை விசாரித்து, கச்சான் விசாரித்து முடித்தபின் காரியத்தைச் சொன்னேன்.

“நாலாஞ் சரணமோ?” என்றார் ஞானம்மா. “அந்தப் பாட்டுக்கு மூண்டுதானே வாத்தியார்.”

“மலரை அடக்கம் செய்யேக்க நீங்கள் சொன்னது. கடைமடை எண்டு வரும்.”

“ஓ, அதுவோ. அது உபதேசியாற்ற இல்லை. நான் சொன்னது. நீங்கள் நிண்டிட்டியள், மண் மூடி முடியேல்லை. என்னத்தையாவது சொல்லத்தானே வேணும்?”

“இரண்டாவது அடி என்ன?”

“என்னா வாத்தியாரே!” சினமும் சிரிப்பும் வரும்போது அவரிடம் மலையகத்துப் பேச்சு தலைகாட்டும். “வாய்க்கு வந்ததைச் சொன்னன். அதை ஆர் எழுதி வச்சது? அண்டைக்கு வந்துது, அண்டையோட போட்டுது.”

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அதன்பின் மூன்று நாள்கள் நான் செபிக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக என்னைத் தாங்கிய அடி, ஓர் இடைவெளியை நிரப்புவதற்காகச் சொல்லப்பட்டது. சொன்னவருக்கே அது நினைவில்லை. நூலாசிரியன் இல்லாத பாடத்தை ஐயுற வேண்டும் என்று மாணவர்களுக்குக் கற்பித்தவன் நான். அந்த விதியை இங்கே பொருத்தினால், எனக்கென்று எவரும் எதனையும் முன்கூட்டி வைத்திருக்கவில்லை என்பதே முடிவு. மேசையில் வேதப்புத்தகம் இருந்தது. அதனைத் திறக்காமல் வேறு பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அமர்ந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான்காம் நாள் ஞானம்மாவே அழைத்தார்.

“வாத்தியாருக்குக் கோவமோ? சத்தமில்லாமல் வச்சிட்டியள்.”

“கோவமில்லை.”

“பொய் சொல்லாதேங்கோ. உங்கட கோவம் எனக்குத் தெரியும், வகுப்பில சோக்குக்கட்டியைக் கீழ வைக்காமல் நிப்பியள்.” பின்பு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. மலர் ரீச்சரை மூடுறதுக்கு ஒரு கிழமை முந்தி எங்கட மனுசனை மூடினது. நீங்கள் வேற பக்கம் போட்டியள். அடி சொல்ல ஆளில்லை. பாட்டில்லாமல்தான் மண் போட்டது. அந்தச் சத்தம், வெறும் மண் விழுகிற சத்தம், அது காதை விட்டுப் போகேல்லை. ரீச்சருக்கும் அந்தச் சத்தம் கேக்கக் கூடாது எண்டு நினைச்சன். அவ்வளவுதான். வாயைத் திறந்தன், வந்துது. ஆர் தந்தது எண்டு என்னைக் கேட்டால் எனக்கென்ன தெரியும்?”

ஞானம்மாவின் கணவர் எங்கே, எவ்வாறு அடக்கப்பட்டார் என்று நான் அன்றுவரை கேட்டதில்லை. அடி சொல்லுதல் என் பணியாயிருந்தது. அன்று நான் அங்கே இல்லை. என் ஐயத்துக்கு இதில் விடை இருந்ததா என்று தெரியவில்லை. ஆயினும் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

“வாற ஞாயிறு கோயில்ல அந்தப் பாட்டுத்தான்” என்றார் ஞானம்மா. “போனை நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். அங்கயிருந்து நீங்கள் அடி சொல்லுங்கோ.”

“எனக்கு நாலாவது முழுசா இல்லையே.”

“மூண்டையும் சொல்லுங்கோவன். பிறகு பாப்பம்.”

அங்கே வழிபாடு தொடங்கும் ஒன்பது மணி, கோடையில் இங்கே காலை ஐந்தரை. வெளியே நன்றாக விடிந்திருந்தது. குசினிக் கதிரையில் நிமிர்ந்து அமர்ந்து, கைப்பேசியை மேசையில் நிறுத்தி வைத்தேன். மகள் தேநீரை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். முதலடியைச் சொன்னேன். என் குரல் கடல்களைக் கடந்து போய்ச் சேரச் சற்று நேரம் எடுத்தது. பின்பு சபை முழுவதும் பாடியது வந்தது. அந்தத் தாமதம் எனக்குத் தடையாக இருக்கவில்லை. அடிக்கும் அடிக்கும் நடுவே காத்திருந்து பழகியவனுக்கு அது தெரிந்த இடம். இரண்டாம் சரணத்தில் கழுத்து வீக்கம் மூச்சை நெருக்கிற்று. மூன்றாவதைச் சொல்லி முடித்தபோது வியர்த்திருந்தது. அவர்கள் பாடி ஓய்ந்தார்கள். ஒருவர் இருமினார்; கோயிலுக்கு வெளியே ஒரு மோட்டார்சைக்கிள் கடந்து போயிற்று. எவரும் அமர்ந்த ஓசை கேட்கவில்லை.

“சொல்லுங்கோ வாத்தியார்” என்று ஞானம்மாவின் குரல் மிக அண்மையில் கேட்டது. “சனம் நிக்குது.”

“கடைமடை நனையும்வரை கண்ணுறங்கார்” என்றேன். பாடினார்கள். அடுத்து என்னிடம் ஒன்றுமில்லை. நான் பிறர் சொற்களை ஆராய்ந்தே வாழ்ந்தவன். ஓர் அடியும் இயற்றியதில்லை. அவர்கள் காத்திருந்தார்கள். அந்த அமைதியின் அடியில், ஞானம்மா சொன்ன வெறும் மண்ணின் ஓசை எனக்கும் கேட்கத் தொடங்கிற்று. வாயைத் திறந்தேன்.

கேட்பார் இல்லாத ஊரிலும் கேட்டிருப்பார்

சொல் போய்ச் சேரும் வரை காத்திருந்தேன். பின்பு தர்மபுரம் அதனைப் பாடிற்று. எண்பது குரல்களேனும் இருக்கும். முன்பே அறிந்த பாட்டைப் போல, தயங்காமல் பாடினார்கள். கதவோரம் நின்ற மகளும் பாடினாள்.

பாடி முடிந்ததும் ஞானம்மா கைப்பேசியை வாயருகே கொண்டு வந்தார். “வாத்தியார்.”

“ஓம்.”

“இரண்டாவது அடி நொண்டுது.”

அவர் சிரித்த ஒலி தெளிவாகக் கேட்டது.

அறுவைச் சிகிச்சை அடுத்த வியாழக்கிழமை நடந்தது. வீக்கம் தீங்கற்றது என்றார்கள். நரம்பு மட்டும் இன்னமும் விழித்துக்கொள்ளவில்லை. விழிக்கலாம், விழிக்காமலும் போகலாம். என் பேச்சு இப்போது வெறுங்காற்றாக, அருகில் உள்ளவருக்கு மட்டும் கேட்கும். மருத்துவர் படிவத்தைப் பார்த்து, நல்லவேளை நீங்கள் பாடுபவர் அல்லர் என்று ஆறுதல் கூறினார். மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். தர்மபுரத்தில் அப்பாட்டுக்கு இப்போது நான்கு சரணங்கள் என்று கேள்விப்படுகிறேன்; அடி சொல்பவர் ஞானம்மா.

சென்ற ஞாயிறு மீண்டும் இங்குள்ள கோயிலுக்குப் போனேன். சால்மெபூக்கைத் தந்தார்கள். ஓர்கன் ஒலித்தது; எல்லாரும் தலைகுனிந்தார்கள். நானும் உதட்டை அசைத்து ஒலியின்றிப் பாடினேன். ஓலாவ் என்னைப் பார்த்தார். வழி தவறிவிட்டேன் என்று எண்ணி, வழமை போல என் புத்தகத்தில் விரலை வைத்தார். அவர் விரல் மூன்றாம் அடியின்கீழ் இருந்தது. நான் இரண்டாம் அடியின் முடிவில் வாய்மூடி நின்று, தர்மபுரம் பாடி முடிப்பதற்காகக் காத்திருந்தேன்.