பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும்

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அது. துடியலூரில் எங்கள் வீடு. காரமடையிலிருந்து மாமா குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தார். அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட். அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"கண்ணு, அந்த பாத்ரூமைக் கொஞ்சம் கழுவி உட்ரு. பாசி புடிச்சுக் கெடக்குது."

நான் படித்துக்கொண்டிருந்தது வேதியியல். தனிமம், சேர்மம், கலவை. இரும்புத்தூளையும் கந்தகப் பொடியையும் கலந்து, மேலே காந்தத்தைக் காட்டினால் இரும்பு மட்டும் தாவி ஒட்டிக்கொள்வதை டீச்சர் செய்து காட்டியிருந்தார். கலந்தாலும் எதுவும் தன் குணத்தை விடாது என்பது மட்டும் எனக்கு நன்றாகப் பதிந்திருந்தது. பிளீச்சிங் பவுடர் வெளுக்கும், ஆசிட் கறையை எடுக்கும், இரண்டையும் சேர்த்தால் வேலை சீக்கிரம் முடியும். தரையெங்கும் பவுடரைத் தூவி அதன்மேல் ஆசிட்டை ஊற்றினேன்.

சீறிக்கொண்டு நுரைத்தது. மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை எழுந்தது. மூச்சை இழுத்ததும் தொண்டைக்குள் நெருப்பு. வெளியே பாய்ந்து, கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் குனிந்து இருமினேன்.

அம்மாவுக்கு என் இருமல் மட்டும்தான் கேட்டிருக்கிறது. நான் உள்ளேயே மாட்டிக்கொண்டேன் என்று நினைத்துக் கதவைத் திறந்து புகைக்குள் போய்விட்டாள். "அம்மணி! அம்மணி!" என்று அவள் என்னைத் தேடுவது கேட்டது. இங்கே இருக்கிறேன் என்று கத்தப் பார்த்தேன். குரல் வரவில்லை.

ஓடிப்போய்ச் சேலையைப் பிடித்து வெளியே இழுத்தேன். படியில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். 'என்ற அம்மாவை நானே கொன்னுபோட்டேன்' என்றுதான் அப்போது நினைத்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, "என்னத்தை ஊத்துனீங்க?" என்று கேட்டார்.

"ஆசிட்டுங்க," என்றார் அக்கா. பாட்டில் கீழே கிடந்ததை அவர் பார்த்திருந்தார்.

பவுடரைப் பற்றி யாருக்கும் தெரியாது. சொன்னால் போலீஸ் வரும் என்று எங்கிருந்தோ ஒரு பயம். சொல்லாவிட்டால் அம்மாவுக்குத் தப்பான மருந்து போய்விடுமோ என்று இன்னொரு பயம். டாக்டரம்மா திரும்பி உள்ளே நடக்கத் தொடங்கியதும் பின்னாலேயே போய் அவர் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"பிளீச்சிங் பவுடரும் போட்டனுங்க. நான்தானுங்க ரெண்டையும் கலந்தேன்."

அவர் நின்று என் பக்கம் திரும்பினார். "அது வெறும் கலவையா இருக்காதும்மா. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வந்துரும். நீயும் சுவாசிச்சியா? வா, உன்னையும் பார்க்கணும்."

தனிமங்களின் பட்டியலில் பதினேழாவதாக மனப்பாடம் செய்திருந்த பெயர். அதற்கு நிறமும் நெடியும் உண்டு என்று படித்துமிருந்தேன். அது எங்கள் வீட்டுத் தரையிலிருந்து கிளம்பி வரும் என்று நினைத்ததில்லை.

அம்மாவுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலம் அப்பா மில் உடுப்போடு வந்து நின்றபோது அவள் மாஸ்க்கை நகர்த்தி, "நாந்தானுங்க தெரியாம கலந்துபோட்டேன். புள்ளையை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு மூன்று முறை மூச்சு வாங்கியது. இல்லை, நான்தான் என்று சொல்ல எழுந்தேன். அவள் கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுக்கு இருமல் ஒரு மாதம் விடவில்லை. அந்த மாதம் பள்ளி இருந்த நாளெல்லாம் மதிய மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவருவேன். ஜன்னலுக்கு வெளியே நின்று, அவள் இருமும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பிப் போவேன். சில நாள் சத்தமே இருக்காது. அப்போது உள்ளே எட்டிப் பார்க்கத் துணிவில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.