டிராயரில் கிடந்த தந்தி

நேற்றுக் காலை என் பேரன் உப்புமா தின்றுகொண்டே நவி மும்பை ஐரோலியில் இருக்கும் தன் ஆபீசுக்கு லீவு கேட்டு போன் போட்டு, "சார், தாத்தா சீரியஸ்" என்று இந்தியில் உருகினான். அந்த சீரியஸ் தாத்தாவான நான் எதிரே உட்கார்ந்து இரண்டாம் தடவை உப்புமா போட்டுக்கொண்டிருந்தேன். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்கப்புறம் உப்புமா இறங்கவில்லை.

எங்கள் காலத்தில் இந்தப் பொய்க்குத் தந்தி வேண்டும். அறுபதுகளில் பம்பாய் மாதுங்காவில் "மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி" வராத குமாஸ்தா கிடையாது. தங்கை கல்யாணத்துக்கு லீவு இல்லை என்றபோது எனக்கும் பாலக்காட்டிலிருந்து வந்தது. போய்ப் பார்த்தால் சீரியஸான அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அப்போது செம்பூரில் ஒரு ஸ்டுடியோவில் நான் டைப்பிஸ்ட். சினிமாவில் இருக்கிறேன் என்று ஊரில் பீற்றிக்கொள்வேன். பார்த்ததென்னவோ கார்பன் தாளைத்தான். தபால் வாங்கிக் கொடுப்பதும் என் வேலை.

அங்கே டாரதி என்று ஒரு இங்கிலீஷ்காரி நடித்தாள். தாத்தா காலத்திலிருந்து நாடகக் குடும்பம். நம் நாட்டு மலை ஊர்களில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக நாடகம் போடுவார்கள். அப்பாதான் முதலாளி, அவரேதான் கதாநாயகனும். ஐந்து வயதில் மேடை ஏறிய மகள் சினிமாவுக்கென்று விட்டுப் போனதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். இங்கே அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கிளப் காட்சியில் சிகரெட் பிடிக்கிற வேஷம். இரண்டு வருஷம் கழித்துத்தான் வசனத்தோடு, டைட்டிலில் பேரோடு ஒரு வேஷம் வந்தது. அதை அப்பாவுக்கு எழுதிப் போட்டுவிட்டு, தினமும் மேக்கப்போடு என் மேஜைக்கு வருவாள். "அப்பாவிடமிருந்து ஏதாவது?"

அந்த வாரம் தங்கை கல்யாணத்துக்கென்று லீவு கேட்டாள். தயாரிப்பு மேனேஜர் காதர் பாய் முடியாது என்றார். மறுநாளே அவளுக்குத் தந்தி: அப்பா சீரியஸ், உன்னைக் கேட்கிறார், உடனே புறப்படு.

காதர் பாய் தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நெசமா இருக்குமோ வே? பொம்பளப் புள்ள, பாவம்லா."

"நன்னாருக்கு பாய்! லீவு இல்லேன்னா அடுத்த நாளே தந்தியா? நம்மவா பண்ற வேலைதானே இது. நானே பண்ணியிருக்கேன்."

பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு.

"அப்பம் ரெண்டு நாளு உம்ம டிராயர்ல கெடக்கட்டும். இந்த செட்டு ஷூட்டிங் முடியட்டும்."

அந்த இரண்டு நாளும் அவளுக்கு விழுந்து விழுந்து சிரிக்கிற காட்சி. சிரிப்பு ஆபீஸ் வரை கேட்டது. இரண்டு நாளும் வந்து கேட்டாள். "நோ, மிஸ்" என்றேன்.

செட் முடிந்ததும் கொடுத்தேன். படித்துவிட்டு, "எப்போது வந்தது?" என்றாள். இப்போதுதான் என்றேன். தந்தியில் தேதியும் மணியும் குத்தியிருந்ததை மறந்துவிட்டேன். அவள் அந்த முத்திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மேக்கப்பைக்கூடத் துடைக்காமல் ஸ்டேஷனுக்குப் போனாள்.

அவள் போய்ச் சேர்வதற்கு முதல்நாள் அடக்கம் முடிந்திருந்ததாம். அப்பா கடைசிவரை அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். காதர் பாய்தான் விசாரித்து வந்து சொன்னார். அவள் திரும்பி வரவில்லை. மீதிக் காட்சிகளுக்கு வேறொரு பெண்ணை முதுகு காட்டி நிற்கவைத்தார்கள். டைட்டிலில் அவள் பேரும் வரவில்லை.

நான் பண்ணியது பாவம், சுற்றி வளைக்காமல் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. தந்தி என்கிற சமாசாரமே போய்விட்டது, காதர் பாயும் போய்விட்டார். அவளை விட்டால், அவள் வந்து கேட்டதும் நான் இல்லை என்றதும் தெரிந்த ஆள் இனி நான் ஒருத்தன்தான்.